மானியம் வாங்கித் தர ஆள் வேண்டுமா?

கேள்வி இதுதான். ஈரோடு மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கும் தங்கைக்கு மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்க ஆசை. மொத்தம் 8 லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் வீடு தேடி வந்து, "அரசாங்கத்தில் 35 சதவீதம் மானியம் இருக்கிறது, நான் வாங்கித் தருகிறேன். இப்போது 15,000 கொடுங்கள், மானியம் வந்ததும் அதில் பத்து சதவீதம் தாருங்கள்" என்கிறார். அவரை நம்பலாமா, ஆள் இல்லாமல் நாமே செய்ய முடியுமா, எங்கே தொடங்குவது என்று அண்ணன் கேட்கிறார்.

முதலில் அந்த ஆளின் கணக்கைப் பார்ப்போம். 8 லட்சத்தில் 35 சதவீதம் 2,80,000. அதில் பத்து சதவீதம் 28,000. முன்பணம் 15,000 சேர்த்தால் 43,000. அவர் சொல்லும் 35 சதவீதம் அநேகமாக மத்திய அரசின் பிஎம்இஜிபி, அதாவது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமாக இருக்கும். அதில் பெண்கள் தங்கள் கையிலிருந்து போட வேண்டிய பணம் திட்டச் செலவில் 5 சதவீதம். 8 லட்சத்துக்கு அது 40,000. ஆக, தங்கை தன் தொழிலில் போடும் முதலைவிட அந்த ஆளுக்குக் கொடுப்பது அதிகம். நம்பலாமா வேண்டாமா என்பதெல்லாம் அப்புறம்; அவர் யோக்கியராகவே இருந்தாலும் இது கட்டுப்படியாகாது.

நான் கிராமக் கிளைகளில் கடன் மேசையில் பல வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். மானியக் கடன் விண்ணப்பங்கள் ஏஜென்ட் மூலமாகவும் வந்திருக்கின்றன, நேராகவும் வந்திருக்கின்றன. ஏஜென்ட் கொண்டுவந்ததால் ஒரு விண்ணப்பம் சீக்கிரம் பாஸ் ஆனதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அதனாலேயே கெட்டுப்போனவை உண்டு. ஒருமுறை பேப்பர் கப் தயாரிக்கும் தொழிலுக்கு வந்த திட்ட அறிக்கையில் ஒன்பதாம் பக்கத்தில் "தினசரி பால் கொள்முதல்" என்று ஒரு வரி இருந்தது. யாரோ ஒருவரின் பால்பண்ணை அறிக்கையைப் பெயர் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். விண்ணப்பித்த பையனிடம் கேட்டேன், அவன் அந்த அறிக்கையைப் படித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. பத்தாயிரமோ என்னவோ கொடுத்திருந்தான். கெட்டிக்காரப் பையன், இயந்திரத்தைப் பற்றி வாயால் கேட்டால் கடகடவென்று சொன்னான். அவன் வாயால் சொன்னதை அப்படியே தாளில் எழுதியிருந்தால் போதும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மானியம் என்றதும் அரசாங்கம் கையில் பணம் கொடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய நாளில் ஊழியத்துக்காக விடப்பட்ட நிலத்தை மானியம் என்பார்கள், அது கொடுத்தால் கொடுத்ததுதான். இன்றைய தொழில் மானியம் அப்படியில்லை. பெரும்பாலும் அது வங்கிக் கடனோடு ஒட்டிக்கொண்டு வருவது. வங்கி கடன் கொடுத்தால்தான் மானியம் உண்டு. வங்கி கடன் கொடுக்காவிட்டால் எந்த அலுவலகத்தில் யாரைத் தெரிந்திருந்தாலும் ஒரு ரூபாய் வராது. ஏஜென்ட் இதை மட்டும் சொல்லவே மாட்டார், ஏனென்றால் வங்கியின் முடிவில் அவருக்கு எந்தப் பிடியும் கிடையாது.

பிஎம்இஜிபி எப்படி நடக்கிறது என்று தங்கையின் கணக்கையே வைத்துச் சொல்கிறேன். இது 2008-இல் தொடங்கிய திட்டம். கதர் கிராமத் தொழில் ஆணையம் நாடு முழுதும் இதை நடத்துகிறது. நம் மாவட்டங்களில் கதர் ஆணையம், கதர் வாரியம், மாவட்டத் தொழில் மையம் என்று மூன்று வழியாகவும் விண்ணப்பிக்கலாம். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையும், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையும் திட்டச் செலவு இருக்கலாம். பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25 சதவீதம் மானியம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள், திருநங்கையர் ஆகியோருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. தங்கை பெண், தொழில் நடப்பது கிராமம், ஆகவே 35. இதில் ஏஜென்ட்டின் சாமர்த்தியம் எதுவும் இல்லை. அவர் வந்தாலும் 35, வராவிட்டாலும் 35.

இப்போது பணம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். 8 லட்சத்தில் தங்கை 40,000 போடுகிறாள். மீதி 7,60,000-ஐயும் வங்கி கடனாகத்தான் கொடுக்கும். அதன்பிறகு அரசிடமிருந்து 2,80,000 வங்கிக்கு வந்து, தங்கை பெயரில் ஒரு வைப்பு ரசீதாக மூன்று வருடம் கிடக்கும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. அதற்குச் சமமான கடன் தொகைக்கு வட்டி போடவும் மாட்டார்கள். மூன்று வருடம் தொழில் நடந்து, அதிகாரிகள் நேரில் வந்து பார்த்துச் சரி என்றால் அந்த 2,80,000 கடனில் கழிக்கப்படும். ஆக உண்மையான சுமை 4,80,000. நடுவில் தொழிலை மூடிவிட்டால் மானியம் திரும்பிப் போய்விடும், முழுக் கடனும் தங்கை தலையில். "மானியம் வந்ததும் பத்து சதவீதம்" என்று அந்த ஆள் கேட்பது இந்த மூன்று வருடப் பூட்டுக்குள் இருக்கும் பணத்துக்கு. தங்கை கைக்கே வராத பணத்தில் அவருக்குப் பங்கு எடுத்துக் கொடுக்க வேண்டும், அதுவும் முதல் தவணை கட்டும் சமயத்தில்.

மரச்செக்குக்குப் பொருந்துவது இது ஒன்றுதான் என்றில்லை. உணவு பதப்படுத்தும் சிறு நிறுவனங்களுக்கென்று 2020-இல் தொடங்கிய பிஎம்எஃப்எம்இ திட்டம் இருக்கிறது. அதிலும் 35 சதவீதம்தான், ஆனால் மானியம் அதிகபட்சம் 10 லட்சம், சொந்தப் பங்கு குறைந்தது 10 சதவீதம். தங்கைக்கு அது 80,000 ஆகும். பார்த்தால் பிஎம்இஜிபி-யே லாபம் போலத் தெரியும். ஆனால் பிஎம்இஜிபி புதிய தொழிலுக்கு மட்டும். ஏற்கெனவே வீட்டில் சின்னதாக ஒரு செக்கு வைத்து ஓட்டிக்கொண்டிருப்பவர் அதை விரிவாக்க நினைத்தால் பிஎம்எஃப்எம்இ பக்கம்தான் போக வேண்டும். இன்னொரு விஷயம், காசு கொடுக்காமல் உதவி தேடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: இந்தத் திட்டத்தில் மாவட்ட வள நபர் என்று ஒருவரை அரசே நியமித்திருக்கிறது. திட்ட அறிக்கை தயாரிப்பது, வங்கிக்குப் போவது, உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுப்பது எல்லாவற்றிலும் கூட நிற்பது அவர் வேலை. அவருக்கான கட்டணத்தை அரசு கொடுக்கிறது, விண்ணப்பதாரர் கொடுக்க வேண்டியதில்லை. பெயர்ப் பட்டியல் திட்டத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது.

மாநில அரசுத் திட்டங்களில், வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் ஒன்று. எல்லாரும் அதை யுஒய்இஜிபி என்றே சொல்வார்கள். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், 15 லட்சம் வரை திட்டச் செலவு, 25 சதவீதம் மானியம். தங்கைக்கு 2 லட்சம் கிடைக்கும், அதாவது மற்ற இரண்டையும்விட 80,000 குறைவு. பட்டமோ டிப்ளமோவோ ஐடிஐ-யோ படித்துவிட்டுப் பெரிதாகச் செய்ய நினைப்பவர்களுக்கு நீட்ஸ் திட்டம்: 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரை, 25 சதவீதம், உச்சம் 75 லட்சம். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைப் பார்க்க வேண்டும். 35 சதவீத மூலதன மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி, அதற்கு மேல் 6 சதவீத வட்டி மானியம், சொந்தப் பங்கு என்று தனியாகப் பணம் போட வேண்டியதில்லை. குடும்பத் தொழிலோ இல்லையோ, கைவினை செய்கிறவர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது: 35 வயது நிரம்பியவர்களுக்கு 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், 50,000-க்கு மிகாமல் மானியம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பிஎம்இஜிபி, பிஎம்எஃப்எம்இ இரண்டுக்கும் நான் சொன்ன அளவுகள் 2025-26 வரையிலான காலத்துக்கு ஒப்புதல் பெற்ற விதிகளின்படி. திட்டங்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும், அளவுகள் மாறும். அதனால் யார் சொன்னாலும், நான் சொன்னாலும், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் இருக்கும் வழிகாட்டு நெறிமுறையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

அதை எங்கே பார்ப்பது? இணையத்தில் தேடினால் முதல் பக்கம் முழுக்க தனியார் தளங்களும் யூடியூப் தலைப்புகளும்தான் வரும். அரசுத் தளம் என்றால் முகவரி "ஜிஓவி டாட் இன்" என்று முடிந்திருக்கும். நடுவில் எங்கோ அந்த எழுத்துகள் இருந்தால் போதாது, முடிவில் இருக்க வேண்டும். மத்திய அரசின் மைஸ்கீம் தளம் 2022-இல் தொடங்கப்பட்டது. வயது, பாலினம், மாநிலம், சமூகப் பிரிவு, தொழில் என்று சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் பொருந்தக்கூடிய திட்டங்களை வரிசையாகக் காட்டும். மத்திய அரசுத் திட்டங்களும் மாநிலத் திட்டங்களும் அதில் உண்டு. முதல் வலைவீச்சுக்கு நல்லது. விவசாயிகளுக்கு உழவன் செயலி. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் தமிழ்நாட்டில் மானியம் கிடைப்பது பலருக்குத் தெரியும், ஆனால் அதற்கும் ஆள் பிடித்துக் காசு கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தாசில்தாரிடம் சிறு குறு விவசாயி சான்றும், சிட்டா அடங்கலும் வாங்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஒவ்வொரு வருடமும் சட்டமன்றத்தில் துறைவாரியாக மானியக் கோரிக்கை வரும்போது, ஒவ்வொரு துறையும் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். (அந்த "மானியம்" சட்டமன்றம் துறைக்கு ஒதுக்கும் பணம், நம் மானியம் வேறு. பெயர்க் குழப்பத்தில் விட்டுவிடாதீர்கள்.) குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறைக்கு அது 44-வது கோரிக்கை. தமிழிலேயே இருக்கும். அந்தத் துறையில் என்னென்ன திட்டம், யாருக்கு, எத்தனை சதவீதம், போன வருடம் எவ்வளவு ஒதுக்கினார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்று ஒரே இடத்தில் கிடைக்கும். மாநில அரசின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நம்மூரில் "ரகசியத் திட்டம், எனக்குத்தான் தெரியும்" என்று பேசுகிற ஆள்கள் எல்லாரும் இந்தப் புத்தகத்தின் ஏதோ ஒரு பக்கத்தைத்தான் விற்கிறார்கள்.

திட்டத்தின் பெயர் தெரிந்ததும் அதன் அரசாணையையோ நெறிமுறையையோ எடுங்கள். ஐம்பது பக்கம் இருக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். பயப்பட வேண்டாம், முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. நான் பார்த்தவரை ஒரு விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் சில வரிகளில்தான். யாருக்குக் கிடையாது என்ற பகுதியை முதலில் படியுங்கள்; யாருக்கு உண்டு என்பதை அப்புறம் படிக்கலாம். எந்தெந்தத் தொழிலுக்குத் தடை, ஒரு குடும்பத்தில் எத்தனை பேர், வேறு திட்டத்தில் மானியம் வாங்கியவருக்கு உண்டா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். பிஎம்இஜிபி-யில் குடும்பத்துக்கு ஒருவர்தான். கணவனும் மனைவியும் தனித்தனியாகப் போட முடியாது. அடுத்து, திட்டச் செலவில் எதைச் சேர்க்கலாம் எதைச் சேர்க்கக் கூடாது என்ற வரி. பிஎம்இஜிபி-யில் நிலத்தின் விலையைச் சேர்க்க முடியாது. இதைத் தெரியாமல் 8 லட்சத்தில் 3 லட்சம் இடம் வாங்கத்தான் என்று வைத்திருந்தால் கணக்கே சரிந்துவிடும். "கிராமம்" என்பதற்கு அந்தத் திட்டம் என்ன பொருள் வைத்திருக்கிறது என்பதையும் பாருங்கள், பத்து சதவீதம் அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. கிராம ஊராட்சி என்றால் சிக்கலில்லை. பேரூராட்சி என்றால் தொழில் மையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, அனுபவத்தில் சொல்கிறேன். கடன் அனுமதி வருவதற்கு முன் இயந்திரத்தை வாங்கிவிடாதீர்கள். "முதலில் வாங்கிப் போடுங்கள், பிறகு மானியத்தில் கழித்துக்கொள்ளலாம்" என்று இயந்திரம் விற்பவர் சொல்வார். புதிய தொழிலுக்கு மட்டும் என்ற விதி இருக்கும் இடத்தில், செக்கு ஓடத் தொடங்கிய பிறகு விண்ணப்பித்தால் அது பழைய தொழில். கண்ணெதிரே மானியம் போய்விடும்.

விண்ணப்பம் இணையத்தில்தான், கட்டணம் எதுவும் இல்லை. ஆதார், புகைப்படம், படிப்புச் சான்று, தேவையானால் சாதிச் சான்று, ஊரகப் பகுதிச் சான்று, திட்ட அறிக்கை. பிஎம்இஜிபி-யில் உற்பத்தித் தொழில் 10 லட்சத்துக்கு மேல் போனால்தான் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள், தங்கைக்கு அது தேவையே இல்லை. சான்றிதழ் எதுவும் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் ஒன்றுக்கு 60 ரூபாய். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உதயம் பதிவு முழுக்க இலவசம், ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் கைபேசியிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதற்குப் போலித் தளங்கள் ஏராளம், அரசுத் தளம் போலவே மூவர்ணம் பூசி ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும். உணவுத் தொழிலுக்கான அடிப்படைப் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அதற்கும் வெளியே இரண்டாயிரம் மூவாயிரம் வாங்குகிறார்கள்.

திட்ட அறிக்கைதான் எல்லாருக்கும் பயம். ஏஜென்ட்டின் பிழைப்பே அந்தப் பயத்தில்தான் ஓடுகிறது. கதர் ஆணையத்தின் தளத்தில் நூற்றுக்கணக்கான மாதிரி அறிக்கைகள் தொழில்வாரியாக இலவசமாக இருக்கின்றன. எண்ணெய் ஆட்டும் தொழிலுக்கானதை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எண்களை அப்படியே விடாதீர்கள். தங்கையின் எண்களைப் போடுங்கள். வாகை மரச் செக்கு என்ன விலை, எத்தனை குதிரைத்திறன் மோட்டார், இரண்டு இடத்தில் கொட்டேஷன். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு போகும் என்பது ஆட்டுகிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம் உங்கள் பக்கத்துச் சந்தையில் பருப்பு என்ன விலை, அப்படியானால் லிட்டருக்கு அடக்கம் என்ன. புண்ணாக்கு யார் வாங்குவார், கிலோ என்ன விலைக்கு. பலர் புண்ணாக்கு வருமானத்தை எழுதவே மறந்துவிடுவார்கள், செக்குத் தொழிலில் பாதி லாபம் அதில்தான் ஒளிந்திருக்கும். மாதம் எத்தனை லிட்டர் விற்கும், யாருக்கு. "பெரிய சந்தை வாய்ப்பு உள்ளது" என்று எழுதுவதைவிட, "எங்கள் ஊரில் நாலு மளிகைக் கடையும் ஒரு மெஸ்ஸும் மாதம் இத்தனை லிட்டர் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்று ஒரு வரி எழுதினால் மேனேஜர் நிமிர்ந்து உட்காருவார். எங்கள் மேசைக்கு அப்படி ஒரு வரி அபூர்வமாகத்தான் வரும்.

பக்கத்து ஊர்களில் செக்கு ஓட்டுகிறவர் ஒருவரிடம் ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு இதை எழுதுங்கள். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் எண்ணெய் ஆட்டுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. தொழிலே இன்னும் பழகவில்லை என்றால், மாவட்டத்தில் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கும். வங்கிகள் நடத்துவது, சாப்பாட்டோடு இலவசப் பயிற்சி. அங்கே படித்தவர்கள் கடனுக்கு வரும்போது பேச்சிலேயே தெரியும்.

வங்கிக்குப் போகுமுன் தங்கையின் கடன் வரலாற்று அறிக்கையைப் பாருங்கள். சிபில் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. குழுக் கடனில் யாரோ கட்டாமல் விட்டது, ஜாமீன் கையெழுத்துப் போட்டது, கைபேசி வாங்கிய தவணையில் கடைசி 800 ரூபாய் பாக்கி என்று எதிர்பாராதது ஏதாவது இருக்கும். அதை முதலில் சரி செய்யுங்கள். நான் திருப்பி அனுப்பிய மானிய விண்ணப்பங்களில் பெரும்பாலானவை திட்டத்தின் குறையால் திரும்பவில்லை, இந்த மாதிரிச் சின்னப் பாக்கிகளால் திரும்பின.

விண்ணப்பத்தில் வங்கிக் கிளையை நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள், மாற்றாக இன்னொரு வங்கியும் குறிப்பிடலாம். கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்காமல், முன்கூட்டியே போய் மேனேஜரைப் பாருங்கள். தங்கையே போகட்டும், அண்ணன் பின்னால் நின்றால் போதும். மேனேஜர் கேட்பதற்குத் தங்கை பதில் சொல்ல வேண்டும். கூட வந்தவர் பதில் சொன்னால் யார் தொழில் செய்யப் போகிறார் என்ற சந்தேகம் வந்துவிடும்.

பத்திரம் அடமானம் கேட்டால்? குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடுகட்டும் கடன் உத்தரவாத நிதியம் அதற்குத்தான் இருக்கிறது. 7,60,000 அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். இதைச் சண்டையாகச் சொல்லாமல், "சார், இது உத்தரவாத நிதியத்தில் வராதா?" என்று கேளுங்கள். கேட்கிறவருக்கு விஷயம் தெரியும் என்று புரிந்தால் பேச்சு மாறும்.

மறுத்தால் வாய்மொழியாக விட்டுவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பட்டியல் சாதி, பழங்குடி விண்ணப்பதாரர் என்றால், அரசுத் திட்டக் கடனைக் கிளை மட்டத்தில் மறுக்கக் கூடாது, அடுத்த மேல்மட்டத்தில்தான் மறுக்க வேண்டும் என்று தனி விதியே உண்டு. அடுத்த படி, ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு. மாவட்டத்துக்கு ஒரு முன்னோடி வங்கி மேலாளர் இருப்பார், மனு அவரிடம் வரும். விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: மானியத் திட்டங்கள் எப்படி நடத்தப்படுகின்றன, எவ்வளவு ஒதுக்கீடு, பயனாளிகள் யார் என்பதை அலுவலகம் கேட்காமலே வெளியிட்டிருக்க வேண்டும். உங்கள் வட்டாரத்தில் யார் யார் பயனாளி என்று தெரிந்தால் அவர்களில் ஒருவரிடம் போய் எப்படி நடந்தது என்று கேட்கலாம். அதைவிட நல்ல ஆலோசனை காசுக்கும் கிடைக்காது.

காசு கொடுக்க வேண்டிய இடமே இல்லையா? இருக்கிறது. கடன் பெரிதாகி, பல வருடக் கணக்கு வழக்குகளைக் காட்ட வேண்டியிருந்தால் ஆடிட்டருக்குக் கட்டணம் நியாயம். தட்டச்சு, நகல், இ-சேவைக் கட்டணம் நியாயம். வேலைக்கு ஏற்ற கூலி, ரசீதோடு, ஒருமுறை. மானியத்தில் சதவீதம் கேட்டால் அது கூலி இல்லை. "அதிகாரிக்கும் இதிலிருந்துதான் கொடுக்கணும்" என்று சொன்னால் இன்னும் மோசம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்திருந்தால்தான் கொடுத்தவர் தப்பலாம். பெரும்பாலும் அந்த அதிகாரிக்கு இந்த ஏஜென்ட் யாரென்றே தெரிந்திருக்காது என்பது வேறு கதை.

ஏஜென்ட்களில் இயந்திரக் கம்பெனியோடு கைகோத்தவர்கள்தான் ஆபத்தானவர்கள். "கையிலிருந்து ஒரு பைசா போட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார்கள். செய்வது இது: 4 லட்சம் இயந்திரத்துக்கு 6 லட்சம் என்று கொட்டேஷன். கூட்டிய 2 லட்சத்தில் மானியம் 70,000 கூடும், ஆனால் மீதி 1,30,000 தங்கையின் பொறுப்பு, அதில் பெரும்பகுதி வட்டியோடு கட்ட வேண்டிய கடன். வங்கி பணத்தை நேராக விற்பவர் கணக்குக்கு அனுப்பும். அங்கிருந்து எவ்வளவு திரும்பி வரும், யாருக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. பொய்க் கொட்டேஷனில் கையெழுத்துப் போட்டது மட்டும் தங்கை.

கைபேசியில் வரும் "முத்ரா கடன் அனுமதிக் கடிதம், 2,500 கட்டினால் 5 லட்சம்" வகையறாவுக்கு ஒரு வரி போதும். முத்ராவில் மானியமே கிடையாது, அந்த நிறுவனம் நேராகக் கடன் கொடுப்பதும் இல்லை, வங்கிதான் கொடுக்கும். பணம் கட்டி ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை முடக்க வழி உண்டு.

ஆக, தங்கை இப்போது செய்ய வேண்டியது: இந்த வாரம் இரண்டு கொட்டேஷன், கடன் வரலாற்று அறிக்கை, ஒரு நாள் யாருடைய செக்கிலாவது. அடுத்த வாரம் மாவட்டத் தொழில் மையம். அங்கே "பிஎம்இஜிபி-யில் போடுவதா பிஎம்எஃப்எம்இ-யில் போடுவதா, இரண்டில் எது இப்போது திறந்திருக்கிறது" என்று மட்டும் கேட்டால் போதும். திட்ட அறிக்கையை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், பால் கொள்முதல் எதுவும் நுழைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். கட்டணம் வேண்டாம். செக்கு ஓடத் தொடங்கியதும் சொல்லுங்கள், எண்ணெயை விலைக்கே வாங்கிக்கொள்கிறேன்.